வழியில் சார்ஜர் வேலை செய்யாவிட்டால்: சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு மின்சாரக் காரில்

40.5 யூனிட் பேட்டரி உள்ள டாடா நெக்ஸான் மின்சாரக் காரில் பொங்கலுக்குச் சென்னையிலிருந்து நாகர்கோவில் போக வேண்டும், கூட வயதான அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள், எந்த சார்ஜிங் ஆப்பை நம்பலாம், பேசாமல் பெட்ரோல் காரையே எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆப் எதுவாக இருந்தாலும் உங்கள் கவலை தீராது. போய் நிற்கிற இடத்தில் சார்ஜர் படுத்துக்கிடந்தால் குடும்பத்தோடு நடுவழியில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். டிசி சார்ஜர்களை (நேர்திசை மின்சாரம் தரும் வேக சார்ஜர்களை) நிறுவிப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் என்பதால், இயந்திரத்தின் பக்கம் நின்று பதில் சொல்கிறேன்.

ஆப்பில் பச்சை நிறத்தில் ‘தயார்’ என்று காட்டுவதற்கு என்ன அர்த்தம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சார்ஜருக்குள் ஒரு சிறிய கட்டுப்பாட்டு போர்டு இருக்கிறது. அது சிம் கார்டு வழியாகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று சர்வருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். பச்சை நிறம் அந்தக் குரலுக்குத்தான். உள்ளே மின்சாரத்தை மாற்றித் தருகிற பவர் மாட்யூல் செத்திருக்கலாம், கன்னின் (காரில் செருகும் கைப்பிடி பிளக்கின்) பூட்டு உடைந்திருக்கலாம், சார்ஜர் முன்னால் யாரோ டீசல் வண்டியை நிறுத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கலாம். இவற்றில் பலவும் ஆப்புக்குத் தெரியாது. எதிர்ப்பக்கமும் உண்டு: சிக்னல் விட்டுப்போனதால் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும் இயந்திரம், ஆர்எஃப்ஐடி கார்டைத் (சார்ஜிங் நிறுவனம் தரும் தொடு அட்டையை) தொட்டதும் சில சமயம் நன்றாகவே ஓடும். அதனால் நிலவரத்தைப் பார்க்காதீர்கள், கடைசியாக அங்கே ஒரு கார் வெற்றிகரமாக சார்ஜ் ஆனது எப்போது என்று பாருங்கள். பிளக்‌ஷேர் போன்ற ஆப்களில் பிற ஓட்டுநர்கள் போடும் குறிப்புகளில் அது கிடைக்கும். நேற்றோ இன்றோ யாராவது 35 கிலோவாட் வந்தது என்று எழுதியிருந்தால் அது நல்ல சாட்சி. மூன்று மாதமாக ஒரு குறிப்பும் இல்லாத இடத்தை, இல்லாத சார்ஜராகவே கணக்கில் வையுங்கள்.

அதைவிட நல்லது, சார்ஜர் இருக்கும் ஹோட்டலுக்கோ பங்க்குக்கோ ஒரு போன் போடுவது. ‘சார்ஜர் வேலை செய்யுதா?’ என்று கேட்டால் ‘செய்யுது சார்’ என்றுதான் பதில் வரும். ‘இன்னைக்குக் காலைல எத்தனை கார் சார்ஜ் போட்டாங்க? இப்ப கரண்ட் இருக்கா? இன்னைக்கு ஷட்டவுன் எதுவும் உண்டா?’ என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி நம்மூருக்கு மிகவும் முக்கியம். மின்வாரியம் பராமரிப்புப் பணிக்காகத் துணை மின்நிலையங்களைக் காலை 9 மணியளவில் நிறுத்தினால் மதியமோ மாலையோதான் மின்சாரம் திரும்பும். ஹோட்டலின் ஜெனரேட்டர் விளக்கையும் ஃபேனையும் ஓட்டும். 60 கிலோவாட் சார்ஜரை ஓட்டும் ஜெனரேட்டர் வைத்திருக்கும் ஹோட்டல்கள் குறைவு. இந்த அறிவிப்புகள் முன்கூட்டியே செய்தித்தாளில் வரும். நீங்கள் நிற்கப்போகும் ஊர்களின் பெயர் அதில் இருக்கிறதா என்று முந்தைய நாள் பார்த்துவிடுங்கள்.

இனித் திட்டம். ஒரு சார்ஜரை அடையும்போது, அது வேலை செய்யாவிட்டாலும் அடுத்த ஊர் சார்ஜருக்குப் போகிற அளவு சார்ஜ் கையில் இருக்க வேண்டும். இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. உங்கள் வண்டி நான்கு பேருடன், ஏசி போட்டு, 85 முதல் 90 கிலோமீட்டர் வேகத்தில் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு சதவீதம் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர். சென்னையிலிருந்து விழுப்புரம் சுமார் 160 கிலோமீட்டர். 100 சதவீதத்தோடு கிளம்பினால் அங்கே 40 சதவீதம் மிஞ்சும். விழுப்புரம் கைவிட்டால் உளுந்தூர்பேட்டை இன்னும் 40 கிலோமீட்டர், அங்கே போய்ச் சேரும்போதும் 25 சதவீதம் இருக்கும். இதுதான் பாதுகாப்பான நிறுத்தம். இதையே ‘உளுந்தூர்பேட்டை வரைக்கும் ஒரே மூச்சில் போய்விடலாம்’ என்று போட்டு, அங்கே இயந்திரம் ஓடவில்லை என்றால், அடுத்து பெரம்பலூர் வரை 70 கிலோமீட்டர் 25 சதவீதத்தில் ஓட்ட வேண்டிவரும். கணக்குப்படி முடியாது, மெதுவாகப் போனால் மட்டுமே முடியலாம். அம்மாவும் பிள்ளைகளும் இருக்கிற வண்டியில் அந்த நிலைமை வேண்டாம்.

விழுப்புரத்தில் 85 சதவீதம் வரை ஏற்றினால் சுமார் 165 கிலோமீட்டரில் இருக்கிற திருச்சியை 24 சதவீதத்தோடு தொடுவீர்கள். திருச்சி பெரிய ஊர், ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் சார்ஜர்கள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன, அதனால் 24 போதும். ஆனால் பெரம்பலூரைக் கடக்கும்போது மீட்டரைப் பாருங்கள். 40 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் எதிர்க்காற்றோ வேகமோ கணக்கை மீறிவிட்டது என்று அர்த்தம். அங்கேயே பத்து நிமிடம் போட்டுவிட்டுப் போங்கள். திருச்சியிலிருந்து மதுரை சுமார் 135 கிலோமீட்டர், மதுரையிலிருந்து திருநெல்வேலி 160. இந்த இரண்டாவது துண்டில் 100 கிலோமீட்டர் கடந்ததும் கோவில்பட்டி வருகிறது, அது உங்கள் காப்பு. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் 80 கிலோமீட்டர்தான். சென்னையில் எந்த மூலையிலிருந்து கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து முதல் துண்டு மட்டும் 20, 30 கிலோமீட்டர் கூடும், குறையும். தாம்பரம் தாண்டி வீடு என்றால் பிரச்சினையில்லை, மாதவரம் என்றால் கணக்கை மறுபடி போடுங்கள்.

இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் பிரித்துவிடுகிறேன். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பது இயற்பியல், அதில் மாற்றமில்லை. 100-லிருந்து 80-க்கு இறங்கினால் காற்றுத் தடை 36 சதவீதம் குறைகிறது. ஹைவேயில் நீங்கள் சேமித்துவைத்திருக்கும் மறைமுக பேட்டரி அதுதான். ஏசி 1 முதல் 1.5 கிலோவாட் எடுக்கும். 90 கிலோமீட்டர் வேகத்தில் அது மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே சார்ஜ் குறைந்தால் பிள்ளைகளை வியர்க்கவைக்காமல் முதலில் வேகத்தைக் குறையுங்கள். நான் போட்ட 15 யூனிட் கணக்கு மட்டும் உங்கள் வண்டிக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். டயர் காற்று, கூரைமேல் லக்கேஜ், பேட்டரியின் வயது, ஓட்டுகிற கால் எல்லாம் அதை 13-க்கும் 18-க்கும் இடையே இழுக்கும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே ஆட்களோடு மேல்மருவத்தூர் வரை போய்வந்து உங்கள் சொந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டில் ‘இன்னும் இத்தனை கிலோமீட்டர்’ என்று காட்டுவது முந்தைய நாள்களின் ஓட்டத்தை வைத்துப் போட்ட மதிப்பீடு. நகரத்தில் நிதானமாக ஓட்டிய பழக்கத்தில் அது தாராளமாகக் காட்டும். சதவீதத்தையும் கடந்த தூரத்தையும் மட்டும் பாருங்கள்.

நெக்ஸானில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி. இந்த வகையில், சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தாலும் கீழே இருந்தாலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். அதனால் எத்தனை சதவீதம் மிச்சம் என்பதை வண்டி நேரடியாக அளப்பதில்லை. போனது வந்ததைக் கூட்டிக் கழித்துத்தான் சொல்கிறது. வாரக்கணக்கில் 40-க்கும் 80-க்கும் நடுவிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு மெல்ல விலகிவிடும். பிறகு ஹைவேயில் 15 காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 8 ஆகும். கிளம்புவதற்கு முந்தைய இரவும், அதற்கு ஒரு வாரம் முன்பும், வீட்டில் மெதுவான சார்ஜரில் 100 வரை ஏற்றி, அதுவாக நிற்கும்வரை விடுங்கள்.

சார்ஜர் முன்னால் வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டியை அணைத்து, கன்னை நேராக, கடைசிவரை அழுத்திச் செருகுங்கள். கார் பக்கத்துப் பூட்டு விழும்போது ‘டக்’ என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் இல்லாமல் ஆப்பில் ஸ்டார்ட் கொடுப்பது வீண். உங்கள் வண்டிக்கான வேக சார்ஜிங் பிளக் வகையான சிசிஎஸ் 2 கன்னும் கேபிளும் கனமானவை. தொங்கும் பாரத்தில் கன் கீழே சாய்ந்து, தொடுமுனைகள் சரியாகச் சேராமல் முதல் முயற்சியிலேயே எரர் வரும். தொடங்குகிற அரை நிமிடம் கன்னின் அடியில் கை கொடுத்து லேசாகத் தூக்கிப் பிடியுங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்று புகார் வருகிற இடங்களில் இந்த ஒன்றாலேயே சார்ஜ் தொடங்கிவிடுவது உண்டு. அதிலும் ஆகவில்லையா? கன்னைக் கழற்றி, காரைப் பூட்டிவிட்டு இரண்டு நிமிடம் தள்ளி நில்லுங்கள். காரின் கட்டுப்பாட்டு யூனிட்டுகள் உறங்கி எழுந்தால் காருக்கும் சார்ஜருக்கும் இடையிலான பேச்சுவார்த்தை புதிதாகத் தொடங்கும். பிறகு அடுத்த கன். பிறகு, சிவப்புக் காளான் போல இருக்கும் அவசர பட்டனை யாராவது அமுக்கிவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிள்ளைகள் விளையாட்டாக அமுக்கிவிட்டுப் போவது அடிக்கடி நடக்கும். வலப்பக்கம் திருப்பினால் மேலே வந்துவிடும், அதன் பிறகு இயந்திரம் எழ ஒன்றிரண்டு நிமிடம் ஆகும்.

இதற்கும் மசியவில்லை என்றால் ஹெல்ப்லைன். இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் ஐடி எண், எந்த கன், திரையில் தெரியும் எரர் கோடு மூன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு கூப்பிடுங்கள். ‘ஹார்ட் ரீசெட் கொடுங்க’ என்று அதே சொல்லில் கேளுங்கள். அதில் இயந்திரம் முழுவதும் அணைந்து எழும். சாஃப்ட் ரீசெட்டில் மென்பொருள் மட்டும் ஒழுங்காக மூடித் திறக்கும். சில கோளாறுகள் சாஃப்ட் ரீசெட்டில் போகாது. சர்வரோடு தொடர்பே அறுந்திருந்தால் தூரத்திலிருந்து ரீசெட் செய்யவும் முடியாது. அப்போது ஹோட்டல் ஊழியரிடம் சொல்லி மெயின் பிரேக்கரை ஒரு நிமிடம் இறக்கி ஏற்றச் சொல்லலாம். அந்த மின்பெட்டியை நீங்கள் திறக்காதீர்கள், உள்ளே 415 வோல்ட் இருக்கிறது. இத்தனைக்கும் சேர்த்து 20 நிமிடம். அதற்குமேல் அந்த இயந்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், கையில் இருக்கும் சதவீதத்தோடு அடுத்த ஊருக்குக் கிளம்புங்கள். அதற்காகத்தான் அதை மிச்சம் வைத்தோம்.

சார்ஜ் தொடங்கியதும் சாப்பிட ஓடிவிடாதீர்கள். முதல் ஐந்து நிமிடம் எத்தனை கிலோவாட் வருகிறது என்று திரையில் பாருங்கள். 60 என்று எழுதியிருக்கும் இரட்டைக் கன் இயந்திரத்தில் பக்கத்தில் இன்னொரு கார் நின்றால் உங்களுக்கு 30 வரலாம். 30 கிலோவாட் இயந்திரம் என்றால் 15. பக்கத்தில் யாரும் இல்லாமலே பாதிதான் வருகிறது என்றால் பெரும்பாலும் ஒரு மாட்யூல் போயிருக்கிறது. வெயில் நேரத்தில், தூசி அடைத்த ஃபில்டரால் சூடாகி இயந்திரமே தன்னைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. 18 யூனிட் ஏற்ற 40 கிலோவாட்டில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, 15 கிலோவாட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல். எது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு பிறகு தோசை சொல்லுங்கள். மின்னழுத்தம் ஒருமுறை ஆடினால் சார்ஜ் நின்றுவிடும். பல இயந்திரங்கள் தானாக மறுபடி தொடங்காது. சாப்பிடும்போதும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆப்பைப் பாருங்கள். 85-க்கு மேல் காத்திருப்பது பெரும்பாலும் நேர நஷ்டம், பின்னால் நிற்பவருக்கும் கஷ்டம்.

கன் காரிலேயே மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். ஆப்பில் நிறுத்தி, கார் கதவை அன்லாக் செய்து, கன்னை உள்பக்கமாக ஒருமுறை அழுத்திவிட்டு எடுத்தால் வந்துவிடும். அப்படியும் வராவிட்டால் அவசரகாலக் கயிறோ லீவரோ உங்கள் மாடலில் எங்கே இருக்கிறது என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். வீட்டிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பேட்டரி மூன்று வருடம் தாண்டியிருந்தால் கிளம்பும் முன் சோதித்துவிடுங்கள். அது பலவீனமாக இருந்தால் பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சுகளான காண்டாக்டர்கள் மூடாது, பழி சார்ஜர் மீது விழும்.

பணம் கட்டும் விஷயத்தில் ஒன்றுதான். நீங்கள் நிற்கப்போகும் சார்ஜர்களின் ஆப்களை வீட்டிலிருந்தே போட்டு, பதிவு செய்து, வாலட்டில் 500 ரூபாயாவது ஏற்றிவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபிக்காகக் காத்துக்கொண்டு நிற்பது கொடுமை. ஆர்எஃப்ஐடி கார்டு தருகிற நிறுவனமாக இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் வீட்டில் போடும் சார்ஜைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதில்தான் அதிகப் பயம். வண்டியோடு வரும் போர்ட்டபிள் சார்ஜர் 16 ஆம்பியர் பிளக்கில் சுமார் 3 கிலோவாட் எடுக்கும். இரவு எட்டு மணி நேரத்தில் இழப்பு போக 20 யூனிட்டுக்கு மேல், அதாவது பாதி பேட்டரி ஏறும். இரண்டு இரவில் வண்டி நிறைந்துவிடும், வெளியே அலைய வேண்டியதில்லை. ஆனால் பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. போர்ட்டபிள் சார்ஜர் அதைக் கண்டுபிடித்துச் சிவப்பு விளக்கு காட்டி மறுத்துவிடும். ஒரு மல்டிமீட்டர் எடுத்துப்போங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 220 முதல் 240, பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறத்தாழ அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். நியூட்ரல்-எர்த் அதிகமாகக் காட்டினால் எர்த் குழி காய்ந்திருக்கலாம். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்கள்.

கடைகளிலும் இணையத்திலும் ‘எர்த் பைபாஸ் பிளக்’ என்று ஒன்று விற்கிறார்கள். உள்ளே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு கம்பியால் இணைத்திருப்பார்கள், அவ்வளவுதான். சார்ஜர் ஏமாந்துபோய்ப் பச்சை விளக்கு காட்டும். தெருக் கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் விட்டுப்போன கணத்தில் உங்கள் காரின் உலோக உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். ஈரத் தரையில் வெறும் காலோடு ஒரு பிள்ளை கதவைத் தொட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யார் கொடுத்தாலும், ‘நாங்க ரெண்டு வருஷமா இதுலதான் போடுறோம்’ என்று யார் சொன்னாலும், தயவுசெய்து வாங்காதீர்கள். அந்த வீட்டில் எர்த் இல்லை என்றால் அங்கே சார்ஜ் இல்லை. எக்ஸ்டென்ஷன் தேவைப்பட்டால் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, மூன்று கோர், முழுவதும் விரித்துப் போட்டது. சுருட்டிவைத்த கேபிள் சூடாகி உருகும். அரை மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்; கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த சாக்கெட்டை விட்டுவிடுங்கள்.

எல்லாம் தவறிப்போய் 10 சதவீதத்தில் வந்து நின்றால்: கையில் 4 யூனிட் இருக்கிறது. இடது லேனில், 50 முதல் 60 வேகத்தில், ஏசி இல்லாமல் போனால் 30 கிலோமீட்டர் ஓட வாய்ப்பு உண்டு. அதற்குள் எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் இருக்கும் லாட்ஜோ மெக்கானிக் கடையோ அகப்பட்டால் இரண்டு மணி நேரத்தில் 5 யூனிட் அளவுக்கு ஏறும், அடுத்த ஊருக்கு அது போதும். 5-க்குக் கீழே போனால் பாதுகாப்பான இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டுச் சாலையோர உதவியைக் கூப்பிடுங்கள். வண்டியை முழுதாகத் தூக்கிவைக்கும் பிளாட்பெட்தான் வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சக்கரம் தரையில் உருளக் கட்டி இழுத்தால் மோட்டார் ஜெனரேட்டராகி உள்ளே கெடுக்கும்.

பெட்ரோல் காரா என்ற கேள்விக்கு வருகிறேன். சாதாரண வாரநாள் என்றால் தயங்காமல் நெக்ஸானை எடுங்கள் என்பேன். போகிக்கு முந்தைய இரண்டு நாள்கள் அப்படியல்ல. அதிகாலை ஐந்து மணிக்குச் சென்னையில் கிளம்பும் மின்சாரக் கார்கள் எல்லாம் எட்டு மணிக்கு விழுப்புரத்தில் வந்து விழும். இயந்திரம் சரியாக இருந்தும் வரிசையில் ஒன்றரை மணி நேரம் போகலாம், அதை எந்தத் திட்டத்தாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 700 கிலோமீட்டரை ஒரே நாளில் முடிக்க எண்ணாமல், மதியம் கிளம்பி இரவு திருச்சியில் 7.2 கிலோவாட் ஏசி சார்ஜர் (மாறுதிசை மின்சாரம் தரும் மெதுவான சார்ஜர்) உள்ள ஹோட்டலில் தங்கினால் காலையில் 100 சதவீதத்தோடு எழுந்து போவீர்கள். வழியில் நிற்கும் டிசி நிறுத்தங்களும் குறையும், அம்மாவுக்கும் முதுகு வலிக்காது. அறை போடும்போதே சார்ஜர் இருக்கும் பார்க்கிங்கை உங்கள் பெயருக்கு ஒதுக்கச் சொல்லுங்கள், வந்து சேரும் முன் மாலையில் மறுபடி ஒரு போன். அப்படிப் பிரித்துப் போக லீவு கிடைக்கவில்லை, போகியன்று இருட்டுவதற்குள் ஊரில் இருந்தே ஆக வேண்டும் என்றால், இந்த ஒரு பயணத்துக்குப் பெட்ரோல் காரை எடுங்கள்.